அக்குளில் ஒரு தசைப்பட்டை: மனிதத் தோளும் வாலில்லாக் குரங்குகளின் தோளும்

பகுப்பறை_மாணவன்

அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரம் டிசெக்‌ஷன் கூடத்தில் எங்கள் மேசையிலிருந்த உடலின் இடது அக்குளைத் திறந்தபோது, முதுகின் அகன்ற தசையான லாட்டிசிமஸ் டார்சியின் விளிம்பிலிருந்து சுண்டுவிரல் அகலத்தில் ஒரு தசைப்பட்டை பிரிந்து, கைக்குச் செல்லும் நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் முன்பாக வளைந்து, பெரிய மார்புத் தசையான பெக்டோரலிஸ் மேஜரின் உட்பக்கத்தில் போய் ஒட்டியிருந்தது. பாடநூலின் படங்களில் அப்படி எதுவும் இல்லை. அவ்வழியாக வந்த மூத்த மாணவர் ஒருவர், "இது குரங்குக் காலத்து எச்சம், சிம்பன்சிகள் எல்லாவற்றுக்கும் இது உண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது சரியா? சரியானால், சிம்பன்சி, கொரில்லா போன்றவற்றின் தோளில் இருந்து நம் தோளில் இல்லாமற்போன தசைகள் எத்தனை? வலது கையை இன்னும் திறக்கவில்லை. அதில் எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பழைய_எலும்பு

தம்பி, வலது கையை இன்னும் திறக்கவில்லை என்று எழுதினீர்களே, அதுவே நல்ல செய்தி. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கண்டது அக்குள் வளைவு எனப்படும் மாறுபாடு. ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர் 1846-இல் விவரித்ததால் லாங்கரின் வளைவு என்றும் அழைப்பார்கள். நூறு உடல்களில் சுமார் ஏழில் தென்படும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றும் அறுவை மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள், ஏனெனில் எதிர்பாராத இடத்தில் குறுக்கே கிடந்து வழியைக் குழப்பும். பல பாலூட்டிகளின் தோலுக்கடியில் உள்ள தசைப்படலத்தின் மிச்சம் இது என்று ஒரு சாராரும், லாட்டிசிமஸ் தசையே நீட்டிய கிளை என்று மற்றொரு சாராரும் கருதுகிறார்கள். இரண்டில் எது சரியானாலும், உங்கள் மூத்த மாணவர் மனத்தில் வைத்திருந்த சிம்பன்சித் தசை இதுவன்று.

அந்தத் தசையின் பெயர் நாக்கைச் சுளுக்க வைக்கும்: டார்சோஎபிட்ரோக்ளியாரிஸ். அதுவும் லாட்டிசிமஸ் டார்சியின் தசைநாண் அருகே தொடங்குவதால்தான் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது. ஆனால் அது மார்பின் பக்கம் திரும்புவதே இல்லை. மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸின் நீண்ட தலையை ஒட்டிக்கொண்டு மேற்கையின் உட்புறமாகக் கீழிறங்கி, முழங்கையின் உட்புற எலும்பு முடிச்சை நோக்கிச் செல்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய எல்லாவற்றுக்கும் இது உண்டு, வாலுள்ள குரங்குகளுக்கும் உண்டு. நரம்பைப் பார்த்தால் ஐயம் முழுமையாகத் தீரும்: இந்தத் தசைக்கு ரேடியல் நரம்பிலிருந்து கிளை வரும், அக்குள் வளைவுக்கோ பெக்டோரல் நரம்புகளிலிருந்தோ லாட்டிசிமஸுக்குச் செல்லும் தொராகோடார்சல் நரம்பிலிருந்தோ வரும். தசையின் உருவம் ஏமாற்றினாலும் நரம்பு பெரும்பாலும் ஏமாற்றாது என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார்.

இனி இரண்டாவது கேள்வி. வழக்கமாக அவற்றுக்கு இருந்து நமக்கு இல்லாதவை என்று தோள் வட்டாரத்தில் உறுதியாகச் சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று மேலே சொன்னது. மற்றொன்று கழுத்தின் முதல் முள்ளெலும்பிலிருந்து காறை எலும்பின் வெளிப்பகுதிக்கு இறங்கும் தசை. இந்த இரண்டாவது தசை மனிதர்களில் நூற்றில் ஓரிருவருக்கு இன்றும் இருக்கிறது. கழுத்தை சிடி ஸ்கேன் எடுக்கும்போது அதை வீங்கிய நிணநீர்க் கணு என்று தவறாக எண்ணிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே, எண்ணிக்கை என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை "இரண்டு" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையில் நின்றுவிட்டால் தோளின் உண்மையான வேறுபாடு கையில் சிக்காது. தோளை மூடும் டெல்டாய்டு, கழுத்திலிருந்து முதுகு வரை விரியும் ட்ரப்பீசியஸ், விலாவிலிருந்து தோள்பட்டை எலும்புக்குச் செல்லும் செராட்டஸ், தோள் மூட்டைச் சுற்றிப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கு என அனைத்தும் இரு தரப்பிலும் அதே பெயரோடு, அதே நரம்போடு இருக்கின்றன. அவை எந்தத் திசையில் இழுக்கின்றன என்பதுதான் மாறியிருக்கிறது. அந்தத் திசையை முடிவு செய்வது தோள்பட்டை எலும்பு.

ஓரப்பார்வை

ஐயா, திசை என்பதை எலும்பைக் கையில் பிடித்துப் பார்த்திராத என் போன்றவர்களுக்குப் புரியும்படி இன்னும் சற்று விளக்க முடியுமா?

பழைய_எலும்பு

கட்டாயம் விளக்குகிறேன். தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்தில் ஆழமில்லாத சிறு குழி ஒன்று உண்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதில்தான் பொருந்துகிறது. மனிதனிடம் அந்தக் குழி ஏறத்தாழ நேர் பக்கவாட்டைப் பார்க்கிறது. சிம்பன்சியிடமோ அது தலையை நோக்கி அண்ணாந்திருக்கிறது. எலும்பின் பின்புறத்தில் நீங்கள் கையால் தடவி உணரக்கூடிய முகடும் அப்படியே: நமக்கு அது கிட்டத்தட்ட கிடைமட்டமாக ஓட, சிம்பன்சிக்குக் கீழிருந்து மேலாகச் செங்குத்துச் சரிவில் ஏறுகிறது. காறை எலும்பும் வெளிப்பக்கமாக மேலேறுவதால் அவற்றின் தோள்கள் காதருகே உயர்ந்து நிற்கின்றன. வண்டலூரில் சிம்பன்சியைப் பார்த்தவர்கள், கழுத்தே இல்லாதது போன்ற அந்தத் தோற்றத்தை நினைவுகூரலாம். கழுத்து அங்கேதான் இருக்கிறது, தோள்தான் மேலேறி அதை மறைத்துவிடுகிறது.

இப்போது கையைத் தலைக்கு மேல் தூக்குவதை எண்ணிப் பாருங்கள். இன்மன், சாண்டர்ஸ், அபாட் ஆகிய மூவரும் 1944-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வின்படி, மனிதன் கையை முழுவதுமாக 180 பாகை உயர்த்தும்போது அதில் ஏறக்குறைய 120 பாகை தோள் மூட்டிலும், மீதி 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சுழல்வதாலும் கிடைக்கிறது. நம் குழி பக்கவாட்டில் இருப்பதால் அதை மேல்நோக்கித் திருப்பும் வேலையை ஒவ்வொரு முறையும் ட்ரப்பீசியஸும் செராட்டஸும் செய்தாக வேண்டும். சிம்பன்சியின் குழி ஏற்கெனவே மேல்நோக்கி இருப்பதால், கிளையைப் பற்றும் நிலையே அதன் தோளுக்கு இயல்பான நிலைக்கு அருகில் இருக்கிறது. நமக்குக் கை தொங்கும் நிலை எப்படியோ, அதற்குக் கை உயர்ந்த நிலை அப்படி என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கலாம், ஆனால் தவறாகாது.

காடு_நோக்கி

ஒரு சிறு திருத்தத்தோடு நுழைகிறேன். பொதுப்பேச்சில் நாம் எல்லாவற்றையும் குரங்கு என்று சொல்லிவிடுகிறோம். நம் ஊர்க் கோயில்களில் தேங்காய் பறிக்கும் குரங்கு வாலுள்ள இனம். அதன் தோள்பட்டை எலும்புகள் நாய்க்கு இருப்பது போல நெஞ்சின் பக்கவாட்டில் இருக்கின்றன. வாலில்லாக் குரங்குகளிலும் நம்மிடத்திலும் நெஞ்சுக்கூடு அகன்று தட்டையாகி, தோள்பட்டை எலும்புகள் முதுகுக்குப் பின்னே நகர்ந்துவிட்டன. ஆகவே தோளைப் பொறுத்தவரை கோயில் குரங்கைவிட நாம் கொரில்லாவுக்கே நெருக்கமானவர்கள்.

இந்தியாவில் இயற்கையாக வாழும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டுமே. அசாமின் ஹூலங்காபார் சரணாலயத்தில் அவை கிளைக்குக் கிளை கையாலேயே வீசித் தாவுவதை நேரில் பார்த்தவன் என்பதால் அவற்றின் தோளைப் பற்றித் தேடிப் படித்தேன். கிப்பன்களில் மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் குட்டைத் தலை, நமக்கு இருப்பது போலத் தோள்பட்டை எலும்பின் காக்கை மூக்கு முனையில் தொடங்காமல், மேற்கை எலும்பிலும் பெக்டோரலிஸ் தசைநாணிலும் தொடங்குகிறது. அதோடு டார்சோஎபிட்ரோக்ளியாரிஸும் வந்து சேர்ந்துகொள்ள, மார்பிலும் முதுகிலும் தொடங்கும் இழுவிசை மேற்கை வழியாக விரல்களை மடக்கும் தசை வரை ஒரே சங்கிலியாகத் தொடர்கிறது. பெரியவர் சொன்ன அந்த நாக்குச் சுளுக்கித் தசை கிப்பனிடம் எவ்வளவு பயனுள்ள இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன்.

எல்லைக்கோடு

மருத்துவத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை, மாவட்ட அளவில் கிரிக்கெட் ஆடியவன். சிம்பன்சிக்கு மனிதனைவிட ஐந்து மடங்கு வலிமை உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவ்வளவு வலிமையுள்ள விலங்கு எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பருக்குப் பந்தை எறிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய_எலும்பு

கேலி எதற்கு? இந்த இழையின் மிகச் சிறந்த கேள்வி இதுதான்.

முதலில் அந்த ஐந்து மடங்கு. அதன் வேர் 1920-களில் இருக்கிறது. ஜான் பாமன் என்பவர் விலங்குக் காட்சியகங்களில் இழுவிசைமானியைக் கட்டிவைத்து அளந்தபோது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் காட்சியகத்தில் இருந்த சூசெட் என்ற பெண் சிம்பன்சி 1,260 பவுண்டு, அதாவது சுமார் 570 கிலோ விசையோடு இழுத்ததாக எழுதினார். 1943-இல் கிளென் ஃபின்ச் கட்டுப்பாடான முறையில் மீண்டும் அளந்தபோது சிம்பன்சிகளின் இழுவை வளர்ந்த ஆண்களின் இழுவைக்கு அருகிலேயே இருந்தது, ஆனாலும் பழைய எண்ணே ஊரெல்லாம் சுற்றியது. 2017-இல் மேத்யூ ஓ'நீலும் உடன் ஆய்வாளர்களும் தசை இழைகளையே எடுத்துச் சோதித்து, ஒரே அளவுள்ள தசையை ஒப்பிட்டால் சிம்பன்சித் தசையின் இயங்குவிசையும் திறனும் மனிதத் தசையைப் போல் சுமார் 1.35 மடங்கு என்று கணித்தார்கள். வேகமாகச் சுருங்கும் இழைகள் அவற்றில் மூன்றில் இரு பங்கு இருப்பதும், இழைகள் நீளமாக இருப்பதுமே காரணம். நம்மிடம் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காத இழைகளே மிகுதி.

எறிதலில் அந்த ஒன்றேகால் மடங்குக்கும் மேலான வலிமை சிம்பன்சிக்கு உதவவில்லை. வளர்ந்த ஆண் சிம்பன்சி எறியும் பொருளின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. பள்ளிச் சிறுவனே அதைத் தாண்டிவிடுவான். நீல் ரோச் தலைமையிலான குழு 2013-இல் நேச்சர் இதழில் இதற்குத் தந்த விளக்கம் தோளைச் சார்ந்தது. எறியப் போகும்போது நாம் கையைப் பின்னுக்கு வளைக்கிறோம். அப்போது மார்புத் தசைகளும் மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் ரப்பர் போல் நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. விடும் கணத்தில் மேற்கை எலும்பு தன் அச்சிலேயே முன்னோக்கிச் சுழல்கிறது. பேஸ்பால் எறிவோரிடம் இந்தச் சுழற்சி நொடிக்கு 9,000 பாகை வரை எட்டுகிறது. இது நடக்க வேண்டுமானால் பெக்டோரலிஸ் தசையின் இழுவைக் கோடு உயர்த்திய மேற்கைக்குக் குறுக்கே சரியாக அமைய வேண்டும், அதற்குத் தோள் தாழ்ந்தும் குழி பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். சிம்பன்சியிடம் அதே தசைதான், நம்முடையதைவிடத் தடித்ததுங்கூட, ஆனால் திசை வேறு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரோச் குழு இந்த அமைப்பு முழுமையாக ஒன்றுசேர்ந்தது ஏறக்குறைய 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனத்தில்தான் என்றது. உடற்கூறியலாளர் சூசன் லார்சன் அதை ஏற்கவில்லை. அந்த இனத்தின் தோள் நம்முடையதைப் போல் முதுகுப்புறம் முழுவதும் நகராமல் சற்று முன்னே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. என் சாய்வு லார்சன் பக்கம் இருக்கிறது, ஆயினும் வழக்கு இன்னும் முடியவில்லை.

இயன்முறை_மேசை

நான் இயன்முறை மருத்துவர். பதினைந்து ஆண்டுகளாக ரொட்டேட்டர் கஃப் கிழிந்து வருபவர்களைப் பார்த்து வருகிறேன்: வெள்ளையடிப்பவர்கள், பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்றே வேலை செய்யும் நடத்துநர்கள், அலமாரியின் மேல்தட்டை நாள்தோறும் எட்டும் பெண்கள். ஐயா சொல்வதைப் படிக்கும்போது, மனிதத் தோள் தலைக்கு மேல் வேலை செய்யப் படைக்கப்படவில்லை, மரத்திலிருந்து இறங்கியபோது அந்தத் தகுதியை இழந்துவிட்டோம் என்ற முடிவுக்கு வரலாமா? பயிற்சி வகுப்புகளில் இப்படித்தான் எங்களுக்குச் சொன்னார்கள். மறுபுறம், கம்பியைப் பிடித்துத் தொங்கினால் தோள்வலி தீரும் என்று காணொளிகளில் சொல்வதையும் நோயாளிகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள்.

பழைய_எலும்பு

அம்மா, முதற்பாதியில் பெருமளவு உண்மை உண்டு. டெல்டாய்டு கையை உயர்த்தும்போது மேற்கை எலும்பின் தலையையும் மேல்நோக்கி இழுக்கிறது. நமக்கு அதன் மேலே கூரை போலத் தோள்பட்டை எலும்பின் அக்ரோமியன் முனை நிற்கிறது. இடையே உள்ள குறுகிய வழியில் கஃப் தசைகளில் ஒன்றான சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண் செல்கிறது. எலும்புத் தலை மேலேறிக் கூரையில் இடிக்காமல் அதைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கும் பொறுப்பு கஃப் தசைகள் நான்குக்கும் சேர்ந்தது. பக்கவாட்டுக் குழியை வைத்துக்கொண்டு கையைத் தலைக்கு மேல் பலமணி நேரம் வைத்திருப்பவருக்கு அந்த இடம் தேய்வதில் வியப்பில்லை.

சிம்பன்சிகளில் இந்த நான்கும் ஒரே அணியாக வேலை செய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் லார்சனும் ஜாக் ஸ்டெர்னும் சிம்பன்சிகளின் தசைகளில் மின்முனைகளைப் பொருத்தி, அவை எட்டிப் பிடிக்கும்போதும் ஏறும்போதும் எழும் மின்குறிகளைப் பதிந்து 1986-இல் வெளியிட்டார்கள். கஃப் தசை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேலையோடு இயங்கியது. பின்னர் 1991-இல் அவர்களே ட்ரப்பீசியஸை ஆராய்ந்தபோது இன்னொரு பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது: அதன் மேற்பகுதி கை உயர்த்துவதைவிடத் தலையைத் திருப்புவதோடு கூடுதலாகத் தொடர்புடையதாக இருந்தது. எலும்பை மட்டும் பார்த்துத் தசையின் வேலையை ஊகித்த எங்கள் தலைமுறைக்கு அது நல்ல அடி.

"இழந்துவிட்டோம்" என்ற சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். கஃப் தசைகளில் மற்றொன்றான இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் அமரும் பள்ளம் நமக்கு அகன்றிருக்கிறது, சிம்பன்சிக்கு அது ஒடுங்கியிருக்கிறது. கையை இடுப்பு உயரத்திலும் நெஞ்சு உயரத்திலும் வைத்துக்கொண்டு வெட்ட, அரைக்க, இழைக்க, தைக்க, எறிய வேண்டிய உயிருக்கு நம் தோளே பொருத்தம்.

தொங்குவது பற்றி: டட்டிலும் பாஸ்மாஜியனும் 1970-களில் கொரில்லா முதலிய வாலில்லாக் குரங்குகளில் தசை மின்குறிகளைப் பதிந்தபோது, அசையாமல் தொங்கும் நேரத்தில் பல தோள் தசைகள் ஏறக்குறைய மௌனமாகவே இருந்தன. சுமையைத் தசைநார்களும் மூட்டு உறையும் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே தொங்குவது தசைக்குப் பயிற்சி என்று உங்கள் நோயாளி எண்ணினால் அது பாதிகூட உண்மையில்லை. கஃப் கிழிந்தவரின் மூட்டு உறை மீது உடல் எடை முழுவதையும் ஏற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கே தெரியும்.

இயன்முறை_மேசை

தெரியும் ஐயா. கிழிசல் உள்ளவர்களைத் தொங்க அனுமதிப்பதில்லை. "படைக்கப்படவில்லை" என்று வகுப்பில் சொல்வதை இனி நிறுத்திக்கொள்கிறேன்.

ஓரப்பார்வை

மேல்நோக்கிய குழி எப்போது பக்கவாட்டுக்குத் திரும்பியது என்பதற்குப் புதைபடிவச் சான்று ஏதேனும் உண்டா? தோள்பட்டை எலும்பு காகிதம் போல் மெலிந்தது, அது எப்படி இத்தனை காலம் தாங்கும்?

காடு_நோக்கி

தாங்குவது அரிது என்பதால்தான் எத்தியோப்பியாவின் டிக்கிக்காவில் 2000-இல் கிடைத்த குழந்தை இவ்வளவு பேசப்படுகிறது. ஆஸ்ட்ரலோபித்தெக்கஸ் அஃபாரென்சிஸ் என்ற, மனிதக் கிளையின் பழைய இனத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ மூன்று வயதுப் பெண் குழந்தை. காலம் 33 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். மணற்பாறையில் புதைந்திருந்த அதன் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் துளித்துளியாகப் பாறை நீக்கி வெளியே எடுக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2012-இல் டேவிட் கிரீனும் செரெசெனாய் அலெம்செகெட்டும் அவற்றின் குழி வாலில்லாக் குரங்குகளைப் போல மேல்நோக்கியே இருந்ததாகக் காட்டினார்கள். அந்த இனம் இரண்டு காலில் நடந்தது என்பதில் ஐயமில்லை, ஆக இடுப்பும் காலும் மாறி நெடுங்காலம் கழித்தே தோள் மாறியிருக்கிறது. மனிதக் குழந்தைக்கும் பிறக்கும்போது குழி சற்று மேல்நோக்கி இருந்து வளர வளரப் பக்கவாட்டுக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பம் டிக்கிக்கா இனத்தில் நிகழவில்லை.

ஆனால் அதே இனத்தின் வளர்ந்த ஆண் ஒன்றின் எலும்புக்கூடு எத்தியோப்பியாவின் வொரான்சோ-மில்லேயில் கிடைத்தபோது, 2010-இல் அதை விவரித்தவர்கள் அதன் தோள்பட்டை எலும்பு சிம்பன்சியைப் போன்றதல்ல என்று வாதிட்டார்கள். 2015-இல் நேதன் யங் குழுவினர் எல்லாப் படிவங்களையும் சேர்த்து அளந்து, நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதையின் தோள் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளின் தோளை ஒத்திருந்து, பின் நம் கிளையில் படிப்படியாகத் திரும்பியது என்றார்கள். எனக்கு அதுவே ஏற்புடையதாகப் படுகிறது.

அந்த மூதாதைத் தோள் எதற்காக அப்படி அமைந்தது என்பதில் பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் ஆர்தர் கீத் காலம் முதல் தொங்கித் தாவுவதையே காரணமாகச் சொல்லி வந்தார்கள். 2023-இல் டார்ட்மவுத் கல்லூரியினர் சிம்பன்சிகளையும் வாலுள்ள மாங்கபே குரங்குகளையும் படம்பிடித்து, மரத்திலிருந்து பின்புறமாக இறங்கும்போதுதான் சிம்பன்சியின் தோளும் முழங்கையும் மாங்கபேயினுடையவற்றைவிட மிக அதிகமாக விரிகின்றன என்று காட்டினார்கள். பனையேறிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கை தலைக்கு மேல் போய் உடலைப் பிடித்து நிறுத்துகிறது.

பழைய_எலும்பு

பனையேறி உவமையை நான் எடுத்துக்கொள்கிறேன், வகுப்பு எடுத்த காலத்தில் தோன்றாமல் போயிற்று.

தம்பி, மறக்கும் முன் உங்கள் வலது கை. லாட்டிசிமஸின் தசைநாணின் கீழ்விளிம்பிலிருந்து ட்ரைசெப்ஸின் நீண்ட தலைக்கு வெண்மையான நார்ப்பட்டை ஒன்று பெரும்பாலான மனிதர்களுக்குச் செல்கிறது. அதுவே நம்மிடம் எஞ்சியுள்ள டார்சோஎபிட்ரோக்ளியாரிஸ். அரிதாகச் சிலரிடம் தசையாகவே இருக்கும். கொழுப்பைச் சுத்தம் செய்கிறோம் என்று முதலாம் ஆண்டு மாணவர்கள் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். கத்தியை வைத்துவிட்டு மழுங்கிய ஃபோர்செப்ஸால் பிரியுங்கள். இடது பக்க வளைவின் நரம்பையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பகுப்பறை_மாணவன்

ஐயா, இன்று பார்த்துவிட்டோம். இடது பக்க வளைவுக்குத் தொராகோடார்சல் நரம்பிலிருந்து நூலிழை போன்ற ஒரு கிளை தெளிவாக வருகிறது, ரேடியல் நரம்போடு எந்தத் தொடர்பும் இல்லை. மூத்த மாணவரை அழைத்துக் காட்டினேன்; சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார்.

வலது பக்கத்தில் அக்குள் வளைவே இல்லை. நீங்கள் சொன்ன நார்ப்பட்டை இருக்கிறது. மூன்று விரற்கடை நீளம், தட்டையான வெள்ளை நாடா போன்றது, நடுவில் மட்டும் சில சிவந்த இழைகள் தெரிவதாக எங்களுக்குத் தோன்றுகிறது, ஆசிரியர் நாளை பார்த்து உறுதி செய்வார். இடது பக்கத்திலும் அது இருந்திருக்கும். முதல் நாளே நான்தான் கொழுப்போடு சேர்த்து எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.